ஒற்றைக் கண்ணால் பார்த்தவர்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கறுப்புத் தோலில் கீறல் பார்ப்பது என் வேலை. அந்த வேலைக்கென்று வாங்கிய கேமரா கீறல்களைக் கோட்டைவிட்டது. அந்தக் கேமராவின் உள்ளே ஒளியை வாங்கும் நுண்ணிய சென்சார் புள்ளிகளை வடிவமைத்த பெண்மணி நேரில் வந்தார். நரைத்த முடி. எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொள்வார்.

"நீங்க எப்படிண்ணா கண்டுபிடிக்கிறீங்க?"

சொன்னால் என் வேலை போய்விடுமோ என்று தயங்கினேன். பிறகு தோலை ஜன்னல் பக்கம் சாய்த்துக் காட்டினேன்.

"நேரா பாத்தா ஒண்ணும் தெரியாது மேடம். சாய்ச்சாதான் மின்னும்."

சிரித்தார். "என் புள்ளிங்களுக்குச் சாயவே தெரியாதுண்ணா! ஒவ்வொண்ணு மேலயும் ஒவ்வொரு சாய்வுல மெல்லிசா கம்பி போட்டுப் பாக்கறேன். அந்தந்தச் சாய்வுக்கு ஏத்த ஒளி மட்டும் உள்ள போகும்."

இப்போது புதுக் கேமரா கீறலைப் பிடிக்கிறது. அதற்குச் சந்தேகம் வரும் தோல்களை நான்தான் பார்க்க வேண்டுமாம். அவரே கம்பெனிக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

என் பயத்தை நான் சொல்லவே இல்லை. ஒற்றைக் கண்ணால் அதை எப்படிப் பார்த்தாரோ!