எதிரிகள் எழுதிய பாரசீகம்

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மாடி அறையை வாடகைக்கு விடுகிறோம். ஒவ்வொரு மார்கழியிலும் ஓர் ஈரானியப் பெண்மணி வந்து இரண்டு மூன்று மாதம் தங்குவார். பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் தெருவில் கேட்ட பழக்கத்தில் என்னை அக்கா என்பார். எனக்கு அவர் மேடம்.

போன வருடம் அவர் வருவதற்குள் அவருடைய ஊர் வரலாற்றைக் கொஞ்சம் படித்து அவரை அசத்திவிட நினைத்தேன். புத்தகக் கடைக்குப் போய், பழைய பாரசீகப் பேரரசைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் படிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் இரண்டு புத்தகங்களை எடுத்து வைத்தார். ஒன்றின் அட்டையில் ஒரு களிமண் பலகை. மற்றதில் எரியும் கப்பல்கள்.

"இதாங்க ஜாஸ்தி போவுது. சண்ட நெறைய இருக்கும்" என்றார். நானும் கப்பலையே எடுத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் ஒரு மாலை, அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் மொட்டை மாடிக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேடமும் காபியோடு ஓர் ஓரத்தில் இருந்தார். எனக்குப் படித்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது.

"இவங்க ஊரு ராஜா ஒருத்தன், படகுங்கள வச்சிக் கடல்மேல பாலம் கட்டியிருக்கான். புயல்ல பிச்சிக்கிச்சி. கோவத்துல கடலையே சவுக்கால அடிக்கச் சொல்லிட்டானாம்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில், பாரசீகப் படைகள் பயந்து ஓடியதையும், ராஜாக்கள் சொகுசில் புரண்டதையும் நடித்தே காட்டினேன். மேடத்துக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது என்று நினைத்திருந்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அக்கா, இந்தக் கதை யார் எழுதினது?" என்று தமிழிலேயே கேட்டார்.

"புக்குல இருந்துதுங்க மேடம்."

"புக்குக்கு யார் சொன்னாங்க? எங்ககிட்ட சண்டை போட்டவங்க. எதிரி சொன்னதை மட்டும் படிச்சீங்களா?"

அவர் குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்தவரை அவர் முன்னாலேயே கேலி செய்திருக்கிறேன்; அதுவும் அவருக்குப் புரியாது என்ற தெம்பில்.

மறுநாளே கடைக்குப் போனேன். இந்த முறை அட்டையைப் பார்க்கவில்லை. எதை ஆதாரமாக வைத்து எழுதியிருக்கிறார்கள் என்று கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். களிமண் பலகைப் புத்தகத்தில், அப்படிப்பட்ட பலகைகளில் பாரசீகர்களே எழுதிவைத்த பதிவுகள் இருந்தன. அரண்மனை வேலையாட்களுக்குத் தானியம் அளந்த கணக்கு, பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொடுத்த கூடுதல் பங்கு எல்லாம். வாங்கிப் படித்துவிட்டு மாடிக்குப் போனேன்.

"மன்னிச்சிடுங்க மேடம். தப்பான புக்க நம்பிட்டேன்."

"என்கிட்ட எதுக்கு? சிரிச்சவங்ககிட்ட சொல்லுங்க."

அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அதே பெண்களைத் திரும்பக் கூப்பிட்டேன். மேடமும் வந்து உட்கார்ந்தார். "அன்னிக்கு நான் சொன்னது அவங்க எதிரிங்க எழுதினது" என்று ஆரம்பித்தேன். யாருக்கும் பெரிய அக்கறை இல்லை. பிள்ளை பெற்றவர்களுக்குக் கூடுதல் பங்கு என்றதும்தான் எதிர்வீட்டுப் பெண் நிமிர்ந்தாள்.

"ஆம்பளப் புள்ள பெத்தவளுக்குத்தான ஜாஸ்தி?"

அது என் கண்ணில் பட்டிருக்கவே இல்லை. பக்கத்தைத் தேடினேன். ஆமாம், பெண் குழந்தை பெற்றவளுக்கு அதில் பாதிதான். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று தயங்கினேன்.

"படிங்க அக்கா" என்றார் மேடம்.

படித்தேன்.

"அங்கியுமா!" என்று எதிர்வீட்டுப் பெண் கன்னத்தில் கை வைத்தாள். முதலில் சிரித்தது மேடம்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இந்த வரியை நானே படித்தும் எப்படி விட்டேன் என்று புத்தகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.