கடல் தெரியாத கடற்கரை வீடு

கடலோர வீட்டுக்கு முதல் எதிரி உப்புக்காற்று என்று காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள். சுத்தப் பொய், முதல் எதிரி அதைக் கட்டுகிற குடும்பம். வீட்டு பிளான் போட்டுப் பிழைக்கிற சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஆனாலும் இந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லித் தீர்த்தால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும்.

கேட்டது ஒன்றே ஒன்று

காஞ்சிபுரத்தில் என் ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவில் பட்டுக்கடை வைத்திருப்பவர், மாமல்லபுரம் பக்கம் கடலை ஒட்டி மனை வாங்கியிருந்தார். லீவுக்குப் போய்த் தங்க ஒரு வீடு வேண்டும். கடை மெத்தையில் என்னை உட்காரவைத்து, போனில் வெளிநாட்டு வீடுகளைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். நீச்சல்குளம் வேண்டுமாம், மொட்டைமாடியில் புல்தரை வேண்டுமாம்.

பக்கத்தில் அவர் மனைவி கோமதி அக்கா புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு என்ன வேணும் அக்கா?" என்று நானாகத்தான் கேட்டேன். அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போல, கொஞ்சம் திணறிவிட்டுச் சொன்னார்: "வருஷம் பூரா செவுத்தப் பாத்துக்கினே சமைக்கிறேம்மா. அங்க போனாலாச்சும் அடுப்பாண்ட நின்னா கடல் தெரியணும். வேற ஒண்ணும் வாணாம்."

சாயம் போயிடும்

கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. ஹாலிலும் சமையலறையிலும் கடல் அப்படியே தெரிகிற மாதிரி ஆசை ஆசையாக பிளான் போட்டுக் கொண்டுபோனேன். கடை முதலாளி முகம் சுருங்கிவிட்டது. பட்டுக்கடைக்காரர்களுக்கு வெயில் ஆகாது. பட்டு நிறம் மங்கிவிடும் என்று கடைக்குள் ஒரு கீற்று விழ விடமாட்டார்கள். சரி, அது கடை. இங்கே என்ன, சுவரெல்லாம் பட்டா சுற்றப்போகிறார்? சோபா சாயம் போய்விடுமாம்! சன்ஷேடை நீட்டி நிழல் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். ம்ஹூம். ஹால் கண்ணாடி, சுவராகிப் போனது.

வந்த கோபத்துக்கு பிளானை அங்கேயே சுக்குநூறாகக் கிழித்திருப்பேன். அக்காவின் ஜன்னலாவது மிஞ்சட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். முதலாளியோ சாவகாசமாகச் சொன்னார்: "கடல் பாக்கணும்னா வெளிய போய் பாத்துக்கலாம்மா. பொடவைக் கலரையே வாசலுக்கு எடுத்துக்கினு போய்தானே காட்டறோம்!"

மூலை மாறிய கதை

சமையலறை தென்கிழக்கில், கடலைப் பார்த்தபடி. வாஸ்துக்காரர் வந்தார், "அக்னி மூலை, பேஷ்!" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாஸ்துக்காரரைக் கும்பிடத் தோன்றியது. அந்தச் சந்தோஷம் முதலாளியின் தம்பி சென்னையிலிருந்து வருகிறவரைக்கும்தான். கடல் பார்த்த இடத்தைப் போய் அடுப்படிக்கு வீணாக்குவார்களா, அங்கே ஹோம் தியேட்டர் வரட்டும் என்றார். தியேட்டருக்கு ஜன்னலே கூடாதே ஐயா! சொன்னேன். மூணு வேளையும் பொங்கிப் போடுகிறவளுக்குக் கண் இல்லையா என்று கத்தியும் விட்டேன்.

வாஸ்துக்காரர் மெல்ல இருமி, "வாயு மூலையும் தோஷமில்ல" என்றார். மனுஷனா அவர்? சமையலறை வீட்டுக்குப் பின்னால் வடமேற்கு மூலைக்குப் போய்விட்டது. தம்பி என்னைச் சமாதானம் செய்தார்: "டென்ஷன் ஆவாதீங்க மேடம். அவ்ளோ பெரிய ஸ்கிரீன் வெக்கிறோம், அதுலயே அண்ணிக்குக் கடல் போட்டுக் காட்டிடலாம்."

கிரகப்பிரவேசம்

சொந்தபந்தமெல்லாம் வேனில் வந்து இறங்கினார்கள். ஹாலில் ஏசி, மிச்சமிருந்த ஜன்னலுக்கும் திரைச்சீலை இழுத்து மூடியாகிவிட்டது, உள்ளே சீட்டுக் கச்சேரி. ஒருத்தர்கூட கடற்கரைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் பின்பக்கம் போனேன். கோமதி அக்கா வடை தட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் காம்பவுண்டுச் சுவர்.

"இவங்களையெல்லாம் என்ன செஞ்சா தகும் அக்கா?" என்றேன். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வடையைத் திருப்பிப் போட்டுவிட்டு, அவரும் கத்தித்தான் பதில் சொன்னார்: "விடும்மா. அலைச் சத்தமாச்சும் கேக்கும்னு இருந்தேன். ஜெனரேட்டரப் போட்டுட்டாங்க."

கடற்கரையில் வீடு கட்டுவது ரொம்பச் சுலபம் நண்பர்களே, கடலை மட்டும் உள்ளே விட்டுவிடக் கூடாது.