மாடிக் கோர்ட்டும் இசக்கியம்மாளும்

வக்கீல் குமாஸ்தாவா இருந்தவங்களுக்குச் சொல்லவா வேணும்? ஜெயிச்சா வக்கீல் கெட்டிக்காரர், தோத்தா குமாஸ்தா சரியில்லை. அந்த வசவெல்லாம் எனக்குப் பழகிப்போச்சு. தொண்ணூறுகள்ல இசக்கியம்மாள் கேஸ்ல பட்ட வெட்கம்தான் இன்னும் பழகலை.

கீழேயிருந்து ஒரு குரல்

கங்கைகொண்டான் பக்கத்துப் பொம்பளை. பிள்ளை பெத்தபிறகு லாரி மோதி ரெண்டு காலும் விளங்காமப் போச்சு. புருஷன் வேற ஒருத்தியோட போயிட்டான். ஜீவனாம்சம் கிடைச்சாத்தான் அவளுக்கும் பிள்ளைக்கும் கஞ்சி.

கோர்ட்டோ மாடியில. எங்க வக்கீல் ஐயா அன்னைக்கு வேற கோர்ட்டுல மாட்டிக்கிட்டார். டவாலி மேலே நின்னு மூணு தடவை பேரைக் கூப்பிட்டார். மூணு தடவையும் "இங்கன இருக்கேன்யா"ன்னு படிக்கட்டுக்குக் கீழேயிருந்து பதில் வந்துச்சு. ஆஜராகலைன்னு கேஸைத் தள்ளிட்டாங்க. நான் டவாலிகிட்ட ஓடிப்போய்க் கெஞ்சினேன். அவர் சொன்னார்: "நான் என்னவே செய்ய? மேல வந்தாத்தான் ஆஜரு."

நாலு பேர் தூக்கின நாற்காலி

மனு போட்டுக் கேஸைத் திரும்ப எடுத்தோம். அடுத்த வாய்தாவுக்கு நாங்க நாலு குமாஸ்தா சேர்ந்து அவளை நாற்காலியோட தூக்கினோம். புண்ணியம் செய்யுதோம்னு எங்களுக்கு ஒரு மிதப்பு. பாதிப் படியில நாற்காலி சாய்ஞ்சு, சேலை முழங்காலுக்கு மேல ஏறிட்டு. விழுந்திரக் கூடாதேன்னு அவ ரெண்டு கையாலயும் நாற்காலியைப் பிடிச்சிருந்தா. சேலையை எதால இழுத்துவிடுவா?

வராந்தாவுல ஒருத்தன், "சப்பரம் வருது, வழிவிடுங்கலே"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. சொல்லவே நாக்கூசுது, நானும் சிரிச்சேன். இறக்கி வச்சதும் என் முகத்தைப் பாக்காமலே சொன்னா: "இனி என்னைத் தொடாதிய அண்ணாச்சி. நானே ஏறிக்கிடுதேன்."

ஏறினதும் தப்பாப் போச்சு

சாட்சி சொல்லுத அன்னைக்குப் படியில உக்காந்து, கையை ஊன்றி, பைய ஒவ்வொரு படியா ஏறினா. நான் அவ பையைத் தூக்கிக்கிட்டுக் கூடவே போனேன். வேற என்ன செய்ய?

எதிர்க்கட்சி வக்கீல் மேலே நின்னு பார்த்துக்கிட்டே இருந்திருக்கார். குறுக்கு விசாரணையில கேட்டார்: "தனியா மாடி ஏறத் தெம்பு இருக்கு. உழைச்சுச் சாப்பிட மட்டும் தெம்பு இல்லையாக்கும்?" எங்க வக்கீல் எந்திரிக்க முன்னாலயே, அவ சிராய்ச்சுப்போன உள்ளங்கை ரெண்டையும் ஜட்ஜுக்கு நேரா நீட்டினா. "ஏறலைன்னா வரலைங்கிய. ஏறி வந்தா நல்லாத்தான இருக்கேங்கிய. நான் எங்கன இருந்தாத்தான் அய்யா என் கேஸைக் கேப்பிய?"

ஜீவனாம்சம் கிடைச்சுது. ஆனா பின்னால ஒருநாள், கோர்ட்டுக்குப் புதுக் கட்டடம் வரப்போகுது, என்னென்ன வசதி வேணும்னு எங்களைக் கேட்டப்போ, குமாஸ்தாமார் அத்தனை பேரும் ஒண்ணாக் கூடி யோசிச்சுக் கேட்டது, சைக்கிள் நிறுத்த ஒரு கொட்டகை.