நாற்பது வினாடி

பகல் ஒன்றரை மணியானால் கொளஞ்சியம்மாள் அடுப்படிக்குப் போய், சுவரில் அடித்திருக்கும் பாத்திர ஸ்டாண்டின் மேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நிற்பாள். தட்டும் டம்ளரும் கீழே விழாமல் பிடித்துக்கொள்வதற்காகத்தான். ஆனால் அவற்றை விழவைக்க இப்போது எதுவும் இல்லை. ஊருக்குக் கிழக்கே இருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பதை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகிறது. குழியில் பச்சை நிறத்தில் தண்ணீர் நிற்கிறது. சைரன் கட்டியிருந்த இரும்புக் கம்பத்தைக்கூட யாரோ எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

சுரங்கம் ஓடிய காலத்தில் ஊரில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. சைரன் மூன்று முறை ஊதும். மூன்றாவது அடங்கியதும் பெண்கள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்வார்கள். டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளர்களைப் பிடித்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஜாமெட்ரி பாக்ஸைப் பிடித்துக்கொள்வார்கள். தரை ஒரு முறை தூக்கிப் போடும். பிறகு கையை எடுத்துவிட்டு விட்ட வேலையைப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெடி கிடையாது.

பிரவீணா எட்டாவது படித்த வருஷம், ஆடி மாதத்தில் ஒரு நாள், சைரன் ஊதியது, வெடி வரவில்லை. கொளஞ்சியம்மாள் ஸ்டாண்டைப் பிடித்தபடி நின்றாள். சோறு குழைகிற மாதிரி இருக்கவே, இன்று வெடி இல்லை போலிருக்கிறது என்று கையை எடுத்துவிட்டுக் கஞ்சி வடிக்கப் போனாள். சுரங்கத்தில் துளைகளில் நிரப்பிய மருந்து வெடிக்காமல் கிடந்தது. அதைப் பார்க்கப் போனவர்களில் ஒருவர், சாலையில் சிவப்புக் கொடி பிடித்து வண்டிகளை நிறுத்தும் அரியமுத்து. கொளஞ்சியம்மாளின் கணவர், பிரவீணாவின் அப்பா. இருபது நிமிஷம் கழித்துச் சைரன் இல்லாமல் வெடி வந்தது. ஸ்டாண்டில் இருந்த அத்தனையும் கீழே விழுந்தன. ஒரு சொம்பு உருண்டு வாசல்வரை போனது.

கையை எடுத்ததற்கும் அவர் உயிர் போனதற்கும் சம்பந்தம் இல்லை. இதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், கொளஞ்சியம்மாளுக்கும் தெரியும். தெரிந்து என்ன ஆகப்போகிறது? மறுநாளிலிருந்து, கையை வைக்க வேண்டிய நேரம் அவளுக்குத் தெரிந்தது. எப்போது எடுக்கலாம் என்பது தெரியாமல் போனது.

பிரவீணா பிளஸ் டூ முடித்துத் திருச்சியில் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தாள். கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதி. அங்கிருந்த சிற்றாலயத்தில் பாடகர் குழுவுக்கு ஆள் போதவில்லை என்று இவளையும் நிறுத்தினார்கள். குரல் தேறவில்லை. அதனால் ஆர்கனுக்குப் பக்கத்தில் நின்று தாள் புரட்டும் வேலை கிடைத்தது. ஐந்து கோடுகளில் எழுதிய சுரக்குறிகளைப் படிக்க அங்கேதான் பழகினாள். இசையை எழுதி வைக்க முடியும் என்பதில் அவளுக்குப் பெரிய வியப்பு இல்லை. சும்மா இருப்பதற்கும் குறி உண்டு, அதிலும் முழுசு, பாதி, கால் என்று அளவு உண்டு என்பதுதான் அவளைப் பல நாள் யோசிக்க வைத்தது. வீட்டில் ஒரு மௌனம் அளவில்லாமல் கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

படிப்பு முடிந்து பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஈசிஜி எடுக்கும் வேலை. நடுவில் துறையூரில் ஒரு கல்யாணம். அவள் சுரக்குறிகள் எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கணவர், “பாட்டுன்னா பாடிக் காட்டு” என்றார். அவளால் முடியவில்லை. ஒன்றரை வருஷத்தில் பெட்டியோடு அம்மாவிடம் வந்துவிட்டாள். சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. அதன் பிறகு காலையில் ஊரிலிருந்து பெரம்பலூருக்குப் பஸ், மாலையில் பெரம்பலூரிலிருந்து ஊருக்குப் பஸ். அந்த நேரத்தில்தான் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, உலகத்தில் எங்கெங்கோ இருந்த ஆட்கள் எழுதிய புது இசையைக் கேட்டாள். வயலினின் முதுகைத் தட்டச் சொன்னவர்கள், மூச்சுக் காற்றுக்கு மட்டும் எழுதியவர்கள், எந்த வகையிலும் சேராதவர்கள். பாதிப் பேரை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இப்படியும் எழுதலாம் என்று தெரிந்துவிட்டது.

அவள் எழுதியவை இதுவரை பதினொன்று. நல்லவை என்று சொல்லத்தக்கவை இரண்டு தேறலாம். கரும்பு லாரி பள்ளத்தில் இறங்கி ஏறும் சத்தத்தை வயலினில் கொண்டுவரப் பார்த்தாள். அது வயலினாகவும் இல்லை, லாரியாகவும் இல்லை. பல படைப்புகளில் புதுமையாக இருக்க வேண்டும் என்ற அவசரம் தெரிகிறது. பதினொன்றாவதில் அது இல்லை. அதற்கு அவள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

அதை அவள் ஈசிஜி தாளில் எழுதினாள். காலாவதியாகித் தூக்கிப் போடும் ரோல்களைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். தாள் முழுவதும் சிறு கட்டங்கள். ஒரு பெரிய கட்டத்தை ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால் நேரம் கண்ணுக்கு முன்னால் நீளமாகக் கிடக்கும். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. நான்கு பேர்.

உடன் வேலை செய்யும் மஞ்சு அதை மேஜைமேல் பார்த்துவிட்டு, “இது யாருக்கு எடுத்ததுக்கா? ஆளு இருக்காரா போயிட்டாரா?” என்றாள்.

“நாலு பேருக்குச் சேத்து எடுத்தது.”

“நாலு பேருக்குமா நின்னுருச்சு? இங்க பாருக்கா, கோடே இல்ல.”

மஞ்சு விரல் வைத்த இடத்தில்தான் எல்லாம் இருந்தது. தந்திகள் அடியிலிருந்து மேலே வழுக்கி ஏறி, நின்று, இறங்கும். மூன்று முறை. மூன்றாவது அடங்கியதும் கொஞ்சம் வெறும் தாள், அதோடு ரோல் முடிந்துவிடும். அடுத்த பகுதி வேறொரு ரோலில் இருந்தது. ஒரு ரோலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை.

தெரிந்துகொள்ள முயலாமல் இல்லை. அவளுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எட்டு மாதம், செவ்வாய்தோறும் ஒன்றரை மணிக்கு, அடுப்படி வாசலில் போனோடு நின்று, அம்மாவின் கை ஸ்டாண்டில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று குறித்தாள். இரண்டு நிமிஷம். பதினொரு நிமிஷம். ஒரு நாள் இருபத்தாறு. ஒரே ஒரு நாள் நாற்பது வினாடி. அன்று அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

சென்னையில் புதிய இசைக்கென்று ஒரு விழா. படைப்புகளை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பிரவீணா இரண்டு ரோல்களையும் படமெடுத்து அனுப்பினாள். படிவத்தில் வகை என்று ஓர் இடம்: கர்நாடகம், மேற்கத்தியச் செவ்வியல், நாட்டுப்புறம், திரை. எதையும் தொடாமல் விட்டாள். மூன்று வாரம் கழித்து, வாசிக்கப்போகும் குழுவின் முதல் வயலின்காரர் அறிவழகன் போனில் பேசினார்.

“மேடம், உங்களுது தேர்வாயிருக்கு. வகை மட்டும் விட்டுப்போச்சு. ஊர் அரியலூர் பக்கம்னு இருக்கு. நாட்டுப்புறம்னு போட்டுடலாமான்னு ஆபீஸ்ல கேக்குறாங்க.”

“எங்க ஊர்ல இத யாரும் பாட மாட்டாங்க சார்.”

அவர் சிரித்தார். “சரி, அத விடுங்க. நான் பாத்துக்கறேன். முதல் ரோல் முடியுதில்ல, ரெண்டாவது எப்ப ஆரம்பிக்கணும்?”

“முடிஞ்சதும்.”

“எது முடிஞ்சதும்?”

அம்மாவின் கையை ஒரு போனுக்குள் எப்படிச் சொல்வது?

“மேடம், நல்ல இடம் அது. எனக்கும் புரியுது. ஆனா நாலு பேரும் ஒண்ணா ஆரம்பிக்கணும். உங்களுக்குப் பன்னிரண்டு நிமிஷம்தான். ஒரு நம்பர் குடுங்க. நம்பர் இல்லன்னா இத வாசிக்க முடியாது.”

நாற்பது வயதில் முதல் தடவையாக அவள் எழுதியதை மனிதர்கள் வாசிக்கப்போகிறார்கள். எண் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவரிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டாள். தன் குறிப்புகளில் இருந்ததிலேயே சிறிய எண்ணை எடுத்து, முதல் ரோலின் கடைசியில் பென்சிலால் எழுதி அனுப்பினாள்: நாற்பது. பொய்யான எண் அல்ல. ஒரு செவ்வாய்க்கிழமை அது உண்மையாக நடந்தது. பாலைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை.

சனி, ஞாயிறு இரண்டில் எது வசதி என்று விழாக்காரர்கள் கேட்டபோது யோசிக்காமல் ஞாயிறு என்றாள். ஞாயிற்றுக்கிழமை வெடி கிடையாது. அன்று அம்மா ஒன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருப்பாள், ஸ்டாண்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அந்தக் கணக்கில்தான் அம்மாவையும் அழைத்துப்போக நினைத்தாள்.

“எனக்கு என்ன புரியப்போவுது?” என்றாள் கொளஞ்சியம்மாள்.

“புரிய வேணாம். வந்து உக்காந்திரு, போதும்.”

“வார்த்தை இருக்கா பாட்டுல?”

“இல்ல. வயலின், செல்லோ, அவ்ளோதான்.”

“செல்லுல வாசிப்பாங்களா?”

“செல்லு இல்லம்மா, செல்லோ. பெரிய வயலின் மாதிரி, கீழ ஊன்றி வாசிக்கிறது.”

“வார்த்தை இல்லன்னா திட்டுறியா பாராட்டுறியான்னு எப்புடிடி தெரியும்?”

அரியலூரில் காலை ரயிலைப் பிடித்துப் போனார்கள். நாலு மணிக்குக் கச்சேரி. மேலே மின்விசிறி ஓடாத, குளிரூட்டிய சின்ன அரங்கு. அறுபது பேர் இருக்கலாம். அச்சிட்ட தாளில் பிரவீணாவின் பெயருக்குக் கீழே, ‘வகை’ என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. மூன்றாவது வரிசையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு முன்னால் இருந்த நாற்காலி காலி.

நான்கு பேரும் நன்றாகவே வாசித்தார்கள். முதல் ஏற்றத்தில் செல்லோ அடியிலிருந்து கிளம்பியபோது பிரவீணா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தான் எழுதியதுதான் என்றாலும் அது தாளிலிருந்து வரவில்லை, கிழக்கேயிருந்து வந்தது. இரண்டாவது ஏற்றம். மூன்றாவது அடங்கும்போது பக்கத்தில் அம்மா அசைந்தாள். கொளஞ்சியம்மாளின் வலது கை மெல்ல நீண்டு, முன்னால் இருந்த காலி நாற்காலியின் முதுகில் பதிந்தது.

பிரவீணா அந்தக் கையையே பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதை அந்தக் கை கேட்கவில்லை. மேடையில் நான்கு வில்களும் அந்தரத்தில் நின்றன. அரங்கில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எட்டு மாதப் பழக்கத்தில் அவள் மனது தானாக எண்ணத் தொடங்கியது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.

நாற்பதில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அம்மாவின் கை இறங்கவில்லை. இரண்டாவது ரோல் முழுவதும் நாற்காலியைப் பிடித்தபடி இருந்தது. கைதட்டியபோதும் இருந்தது. அறிவழகன் வில்லால் இவளைக் காட்ட, பிரவீணா எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தாள்; அப்போதும் இருந்தது. அடுத்தவருடைய படைப்பு, சத்தமானது, தொடங்கி முடிந்தது. இடைவேளைக்கு விளக்கைப் போட்டார்கள்.

“அம்மா, முடிஞ்சிருச்சு,” என்றாள் பிரவீணா.

“நீ எழுதுனது முடிஞ்சிருச்சு.”

“கைய எடும்மா.”

கொளஞ்சியம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. “அன்னிக்கும் இப்புடித்தான். எல்லாம் ஆயிருச்சுன்னு நெனச்சு எடுத்தேன்,” என்றாள். பிறகு, “செவ்வாக்கெழம செவ்வாக்கெழம செல்லைக் கையில வச்சிக்கிட்டு நீ நிக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எண்ணிக்கட்டுமேன்னுதான் வுட்டேன். எண்ணி முடிக்கிறது இல்ல அது பாப்பா,” என்றாள்.

பிரவீணா காப்பி வாங்கி வந்தாள். அம்மா அதை இடது கையால் வாங்கிக் குடித்தாள்.

பத்து நாள் கழித்து அறிவழகன் அழைத்தார். பெங்களூரில் தை மாதம் இன்னொரு விழா, உங்களுடையதைத்தான் கேட்கிறார்கள், தெளிவாக ஒரு பிரதி வேண்டும் என்றார்.

“சார், அந்த நாப்பத எடுத்துடுறேன்.”

“எடுத்துட்டு?”

“ஒண்ணும் போடல. நீங்க கையத் தூக்கி வச்சிக்கிட்டு இருங்க. ஆயிருச்சுன்னு தோணுச்சுன்னா, அப்பவும் ஆரம்பிக்காதீங்க.”

“அப்ப எப்பதான் மேடம் ஆரம்பிக்கிறது?”

“தெரியல சார்.”

அவர் நிதானமாக, “அப்படின்னா பெங்களூருக்கு வேற ஒருத்தருடையத சொல்லிடுறேன். தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார்.

“சரிங்க சார்,” என்றாள் பிரவீணா.

அன்று மாலையே ரப்பரால் எண்ணை அழித்தாள். சூடு பட்டால் கறுக்கும் தாள் அது; தேய்த்த இடம் கறுத்துப்போனது. நாற்பது இருந்த இடம் முன்பைவிட நன்றாகத் தெரிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணிக்கு அம்மா அடுப்படிக்குப் போனாள். பிரவீணா போனைக் கூடத்தில் வைத்துவிட்டுப் பின்னாலேயே போய் நின்றாள். கொளஞ்சியம்மாள் திரும்பாமல், “நீ அந்தப் பக்கம் புடி,” என்றாள்.

பிரவீணா ஸ்டாண்டின் மறுமுனையில் உள்ளங்கையைப் பதித்தாள். எஃகு குளிர்ச்சியாக இருந்தது. எண்ணாமல் இருப்பது முதலில் கஷ்டமாக இருந்தது. பிறகு எண் எங்கோ நழுவிப் போனது. அடுக்கில் கடைசித் தட்டு பக்கத்துத் தட்டோடு லேசாக உரசி, காதுக்கு எட்டாமல், உள்ளங்கைக்கு மட்டும் எட்டுகிற மாதிரி நடுங்கியது. அவள் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தாள். லாரி எதுவும் போகவில்லை.

“தெரியுதா?” என்றாள் அம்மா.

“தெரியுது.”

இருவரும் கையை எடுக்கவில்லை.