திராட்சைத் தோட்டத்தில் எங்கள் கூட்டம்

செல்போன் ரம்மியில் என் கணவர் என் தாலிக்கொடியையும் தொலைத்த பிறகு, அதே கதியிலிருந்த பெண்கள் சிலரோடு சேர்ந்தேன். ஞாயிறு மாலைகளில் கம்பத்தில் ஒரு தோழியின் திராட்சைத் தோட்டத்தில் கூடி, மனம்விட்டுப் பேசுவோம்.

ஒருநாள் என் கொழுந்தன், தன் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பைக்கில் வந்தான். "மதினி, வீட்டு விசயத்த ஊர் சிரிக்க வைக்காதீக. எந்திரிச்சு வாங்க" என்று எல்லோர் முன்னும் கத்தினான்.

நான் எழவில்லை.

"தாலிக்கொடி வெளிய போனப்ப யாரும் தடுக்கல. நான் வெளிய வந்தா மட்டும் மானம் போகுதாக்கும்? வரமாட்டேன்" என்றேன்.

அவன் வாய் திறப்பதற்குள் அவன் மனைவி பைக்கிலிருந்து இறங்கினாள். "அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இவுகளும் ராவெல்லாம் அந்த ரம்மியத்தான் ஆடுறாக" என்று சொல்லி என் பக்கத்தில் அமர்ந்தாள்.

கொழுந்தன் தனியாகத்தான் திரும்பிப் போனான்.