வாசலில் நின்ற ஏழு பேர்

குற்றாலத்தை ஒட்டிய மலையடிவாரத்தில் எங்கள் பளியர் பழங்குடிக் குடியிருப்பு. எல்லாம் அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள். பக்கத்து வீட்டில் தாளிப்பதுகூடக் கேட்கும். அடிப்பதும் கேட்கும்.

அடுத்த வீட்டுப் பெண் என்னைவிடப் பத்து வயது இளையவள். சீசனில் இருவரும் ஒரே லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்வோம். அவள் புருஷன் அடிக்கிற நாட்களில் நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன். இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். சொல்லக் கூசுகிறது.

ஒருநாள் லாட்ஜில் நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் பதறிப்போய் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"இடது காது கேக்க மாட்டேங்குக்கா. ஒரு மாசமாச்சு."

நாங்கள் நாலைந்து பெண்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போனோம். அங்கிருந்த போலீஸ்காரர் எழுதி வாங்கவில்லை. "உங்க ஆளுகளுக்குள்ள இதெல்லாம் சகஜந்தானம்மா, பேசி முடிச்சுக்கிடுங்க" என்றார்.

அந்த வாரமே பெண்கள் ஏழு பேர் கூடினோம். எந்த வீட்டில் அடி விழுகிற சத்தம் கேட்டாலும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு அந்த வாசலில் போய் நிற்பது. திட்டக் கூடாது, கை நீட்டக் கூடாது. முதல் தடவை அவள் வாசலில்தான் போய் நின்றோம்.

"எதுக்கு இங்கன வந்து நிக்கிய?" என்று அவள் புருஷன் கத்தினான்.

"நீ நிறுத்துத வரைக்கும் நிப்போம்லே" என்றேன்.

நிறுத்தினான். மற்ற வீடுகளிலும் அடி குறைந்தது. பிறகு அவள் வீட்டிலிருந்து சத்தமே வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

ஆடி மாதம், நல்ல சாரல். மதியம் வரை அவள் வேலைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் கதவு வெளியே தாழிட்டிருந்தது. உள்ளே தரையில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் ஒரு துண்டு, எச்சில் ஈரத்தோடு, பல் பதிந்து.

"ஏட்டி, கண்ணத் தொற. என்னயப் பாரு."

ஆட்டோவில் தென்காசிக்குக் கொண்டுபோனோம். என் மடியில் தலை வைத்திருந்தவள் மெல்லச் சொன்னாள்: "சத்தம் கேட்டா நீங்க வந்துருவியன்னுதான்க்கா வாய்ல துணிய அடைச்சான்."

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருந்ததாம். மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

நாங்கள் ஏழு பேரும் சாட்சி சொல்லியிருக்கிறோம். அவன் ஜெயிலில் இருக்கிறான். வழக்கு இன்னும் முடியவில்லை.

இப்போது நாங்கள் சத்தத்துக்காகக் காத்திருப்பதில்லை. தினமும் ஆளுக்கு இரண்டு மூன்று வீடு போய், அங்கிருக்கும் பெண்ணிடம் தனியாகப் பேசிவிட்டு வருகிறோம். ஆண்கள் முணுமுணுக்கிறார்கள். போன வாரம், புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒருத்தி, "ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். முழங்கைக்கு மேலே சேலையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் புருஷன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.