கொசு என்றொரு மாணவி

'நான் ஆசிரியர்', 'நான் மாணவர்' என்று திரையில் இரண்டு கட்டங்கள் வந்து நின்றால், லிங்க் டீச்சர் இரண்டாவதில்தான் விரலை வைப்பார். வயது ஐம்பத்திரண்டு. பிறந்த வருடம் கேட்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கி, பதின்மூன்று வயதுக்குத் தோதாக ஒரு வருடத்தைத் தட்டிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பார். விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தச் சமையலறையில் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்? அடுப்பில் தண்ணீர் மட்டும் லேசாக முனகிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு வெளியே வானம் இன்னும் நிறம் எதையும் தேர்ந்தெடுத்திருக்காது.

"பசங்க எங்க தடுக்கி விழுவாங்கன்னு தெரியணும்னா, நாம முதல்ல விழுந்து பாக்கணும்ல?" என்பார் கேட்கிறவர்களிடம். கேட்காதவர்களிடமும் சொல்வார். இணையத்தில் பாடம் நடத்த ஒரு புதுக் கருவி வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், மறுநாள் விடிவதற்குள் அதில் மாணவியாகச் சேர்ந்து, வீட்டுப்பாடம் எழுதி, தப்பாக ஒரு பதிலும் போட்டு, அது எப்படித் திட்டுகிறது என்று பார்த்துவிட வேண்டும். திட்டுகிற கருவியை அத்தோடு தலைமுழுகிவிடுவார். "குழந்தை தப்பு பண்ணா சிவப்பு விளக்கு போடுதுங்க அது. ரயிலா ஓட்டறோம்?"

எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் புவியியல் அவர்தான். லிங்க் டீச்சர் என்பது ஆசிரியர் அறையில் விழுந்த பெயர். மற்றவர்கள் காலையில் நலம் விசாரிப்பார்கள். இவர் லிங்க் அனுப்புவார். பக்கத்து மேசைக் கணக்கு சார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "டீச்சர், நீங்க அனுப்பறதையெல்லாம் திறந்தா என் போன் படுத்துடும். அதுக்கும் என் வயசுதான் ஆகுது." டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருடைய போனை வாங்கி, வேண்டாத படங்களை அழித்து இடம் பண்ணிக் கொடுத்துவிட்டு, இன்னொரு லிங்க் அனுப்பினார்.

கடவுச்சொற்களை எல்லாம் பழைய உலக வரைபடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். பாதுகாப்புக்காக, எது எதற்கென்று எழுதவில்லை. வெளியூரில் படிக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தான். "திருடன் வந்தா அவனும் உன்கூட உக்காந்து தேடணும்மா!"

அவரை ஆட்டிப்படைக்கிற கருவிகளில் ஒன்று, கோடு போட்டால் பாடும். கோடு மேலே ஏறினால் குரலும் ஏறும், இறங்கினால் இறங்கும். பிள்ளைகள் அதில் பூவும் பூனையும் வரைவார்கள். டீச்சர் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மலைத்தொடரின் முதுகை அப்படியே வரைந்தார். அது பாடியது. உச்சிகளில் கீச்சென்று ஏறி, கணவாய்களில் பெருமூச்சு விட்டு, கடைசியில் சமவெளிக்கு வந்து ஒரே சுரத்தில் நீண்டுகொண்டே போயிற்று. இருபத்தெட்டு வருடங்களாகக் கரும்பலகையில் வரைந்த மலைக்கு இப்படி ஒரு குரல் இருந்ததா என்று டீச்சர் அடுப்பை மறந்து உட்கார்ந்திருந்தார். உள்ளறையிலிருந்து அவர் கணவர், மருந்துக்கடை வைத்திருப்பவர், தூக்கம் கலைந்து குரல் கொடுத்தார்.

"யார் வீட்டுக் கதவு அது, இப்படிக் கத்துது?"

"கதவு இல்லைங்க. மலை."

"சரி, எண்ணெய் போடு" என்று அவர் புரண்டு படுத்துக்கொண்டார்.

இந்த வருடம் வந்து சேர்ந்தது வெள்ளைப் பலகை. கணினியில் திறக்கிற பலகைதான், ஆனால் அதற்கு ஓரம் கிடையாது. விரலால் இழுக்க இழுக்க வெள்ளை வந்துகொண்டே இருக்கும். எண்பத்து மூன்று பிள்ளைகளும் ஒரே பலகையில் சீட்டு ஒட்டலாம், வரையலாம், ஒருவருக்கொருவர் பதில் எழுதலாம். டீச்சர் அதற்கு ஒரு சட்டம் போட்டார். யாரும் சொந்தப் பெயரில் வரக்கூடாது, ஆளுக்கொரு புனைபெயர். "யார் எந்தப் பேருன்னு நான் பாக்க முடியும். ஆனா பாக்க மாட்டேன். இது சத்தியம்" என்று வகுப்பின் நடுவில் நின்று சொன்னார். வாயே திறக்காத பிள்ளைகள்கூட அன்று சாயங்காலமே பலகையில் வாய் ஓயாமல் எழுதினார்கள். இடி, சட்னி, அரைக்கால் சட்டை, பேய் மாமா என்று எண்பத்து மூன்று பேர். எண்பத்து நான்காவதாக, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக டீச்சர் விட்ட சோதனை மாணவி. அதற்குக் கொசு என்று பெயர் வைத்தார். வேலை முடிந்ததும் அதை நீக்கிவிட வேண்டும். மறந்துவிட்டார். எத்தனையோ கருவிகளில் எத்தனையோ சோதனைப் பிள்ளைகளை இப்படி மறந்திருக்கிறார்; அதில் தப்பு ஒன்றும் வந்ததில்லை.

ஒரு காலை, தண்ணீர் கொதிக்கும்வரை பொழுது போகாமல், பலகையை இழுத்துக்கொண்டே போனார். பிள்ளைகளின் தீபகற்பங்களும் எரிமலைகளும் பின்னால் போய்ப் புள்ளிகளாகி மறைந்தன. வெறும் வெள்ளை. பனிமூட்டத்தில் படகு விடுவது மாதிரி இருந்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்த நேரத்தில், அத்தனை தூரத்தில், ஒரு சின்னப் பச்சைச் சீட்டு.

'இவ்ளோ தூரம் யாரும் வர மாட்டாங்கன்னு நினைக்கிறேன். இப்படிக்கு நத்தை.'

டீச்சர் அப்போது கொசுவாகத்தான் உள்ளே இருந்தார். யோசிக்கவே இல்லை. 'நான் வந்துட்டேனே' என்று தட்டினார்.

மறுநாள் அந்த இடத்தில் ஒரு படகு வரையப்பட்டிருந்தது. அதற்கு அடுத்த நாள் படகு நிற்க ஒரு கரை. இரண்டு வாரத்தில் அது முழுசாக ஒரு தீவு. நத்தை இரவு சாப்பாட்டுக்கு முன்னால் வந்து எதையாவது வைத்துவிட்டுப் போகும். கொசு விடியலில் போய்ப் பார்த்து, தன் பங்குக்கு ஒன்றை வைக்கும். யார் பேரையும் கேட்காத ஒரு கடைத்தெரு வந்தது. நேற்றுப் பேசியது இன்றைக்குக் கேட்கும் ஒரு கிணறு வந்தது. ஒரு நாள் நத்தை ஆறு ஒன்றைப் போட்டது. கடலிலிருந்து மலைக்கு ஏறிப் போகிற ஆறு. டீச்சருக்குக் கை துறுதுறுத்தது. ஆறு எப்படி மேட்டுக்குப் போகும் என்று எழுதியும் விட்டார். அனுப்புவதற்கு முன்னால் அழித்தார். 'எதுக்கு மேலே போகுது?' என்று மட்டும் கேட்டார். 'பிறந்த வீட்டைப் பாக்க' என்று பதில் வந்திருந்தது.

அன்று பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் டீச்சர் தன்னையறியாமல் சிரித்துக்கொண்டே போனார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் பதிலுக்குச் சிரித்தார்.

சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. தினமும் தோன்றியது. ஆனால் அவருக்கு அந்தத் தீவு பிடித்துப்போயிற்று, விஷயம் அவ்வளவுதான். பேருக்கும் வேலைக்கும் வயசுக்கும் தப்பித்து, காலையில் அரைமணி நேரம் அவர் ஒருவருடைய தோழியாக இருந்தார். நத்தை ஒரு முறை, 'நீ லஞ்ச்ல யார்கூட சாப்பிடுவ?' என்று கேட்டபோது, 'தனியாத்தான்' என்று எழுதினார். பொய்யில்லை. மதியங்களில் கணினி அறையில் ஏதாவது ஒரு புதுக் கருவிக்கு எதிரே உட்கார்ந்துதான் அவர் டப்பாவைத் திறப்பது.

அந்த ஒரு பதில்தான் வினையாயிற்று. வியாழக்கிழமை காலை தீவின் கரையில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

'நானும் தனியாத்தான் சாப்பிடறேன். நீ எந்த செக்‌ஷன்னு கேக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை லஞ்ச் பெல் அடிச்சதும் லைப்ரரிக்குப் பின்னாடி வராண்டாவுக்கு வா. கடைசி ஜன்னல். அடையாளத்துக்கு உள்ளங்கையில நம்ம தீவை வரைஞ்சுக்கலாம். நானும் வரைஞ்சிருப்பேன். வருவல்ல?'

டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு அதை மறுபடி படித்தார்.

கணவர் தட்டிலிருந்து கையை எடுக்காமல் முழுக் கதையையும் கேட்டார். "அது உன்னையா கூப்பிட்டுது? அதோட ஃப்ரெண்டைக் கூப்பிட்டுது. அங்க போய் நீ நின்னா அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்கும்?"

"போகலைன்னா எப்படிங்க இருக்கும்?"

அவர் எழுந்து கை கழுவப் போனார்.

பள்ளியில் விஷயத்தைக் கேட்ட கணக்கு சார் சுலபமான வழி சொன்னார். "டிலீட் பண்ணிடுங்க டீச்சர். ஒரே அமுக்கு. கொசு வேற பள்ளிக்கூடம் போயிடுச்சுன்னு நினைச்சுக்கும். இல்ல, நத்தை யாருன்னு பாத்துட்டுப் பக்குவமா பேசுங்க. ரெண்டு செகண்ட் வேலை."

"பாக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் சார்."

"நீங்க பாத்தது யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

ஆனாலும் அன்று மதியம் கணினி அறையில், புனைபெயர்ப் பட்டியலில் கொசுவுக்கு நேரே இருந்த 'நீக்கு' பொத்தானை அழுத்தித்தான் பார்த்தார். கருவி மரியாதையாகக் கேட்டது: 'உறுதியாகவா? இந்த மாணவர் எழுதியவை அனைத்தும் மறைந்துவிடும்.' கொசு போனால் பாதித் தீவு போய்விடும். இத்தனை நாளும் யாரோ கூட இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பிள்ளையிடம் அத்தாட்சியே இருக்காது. டீச்சர் 'இல்லை' என்பதை அழுத்திவிட்டு, டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம், மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஆசிரியர் அறையின் மூலையில் நீல மைப்பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் வரைந்தார். கரை, கடைத்தெரு, கிணறு. கை வியர்த்து மை பரவியது. துடைத்துவிட்டு மறுபடி வரைந்தார். கணக்கு சார் பார்த்தும் பாராததுபோல விடைத்தாள்களுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

வராண்டாவில் வெயில் தரையில் நீளமாகப் படுத்திருந்தது. மைதானத்துச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. கடைசி ஜன்னலுக்குக் கீழே, கால் ஆடுகிற ஒரு பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் சுவரோரம், மூன்றாவது வரிசை. ஐந்து மாதங்களில் 'எஸ் மிஸ்' என்பதைத் தவிர அவளிடமிருந்து வேறு வார்த்தை டீச்சர் கேட்டதில்லை. சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்திருந்தாள். பெஞ்சின் மறுபாதியைக் கைக்குட்டையால் துடைத்து வைத்திருந்தாள்.

டீச்சரைக் கண்டதும் அவள் சட்டென்று எழுந்து, வலது கையை இறுக்கி மூடி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"சும்மாதான் மிஸ் உக்காந்திருக்கேன். இதோ போயிடறேன்."

"உக்காரும்மா."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்களை விட்டுவிட்டு டீச்சர் கையை நீட்டி உள்ளங்கையைத் திறந்தார்.

பெண் அதைப் பார்த்தாள். பிறகு டீச்சருக்குப் பின்னால், வராண்டாவின் மறுகோடியைப் பார்த்தாள். அங்கே யாரும் வரவில்லை. மறுபடி கையைப் பார்த்தாள்.

"கொசுதான் உங்களை அனுப்பிச்சாளா மிஸ்?"

"இல்லம்மா. கொசு நான்தான்."

"அப்போ வேற யாரும் இல்லையா?"

"இல்ல." டீச்சர் கையைத் தாழ்த்தினார். "நான் முதல் நாளே சொல்லியிருக்கணும். உன் தீவு எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சொன்னா போயிடுமேன்னு சொல்லாம இருந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

பெண்ணின் கண் நிரம்பியது. அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவள் போகச் சொன்னால் போய்விடுவது என்று டீச்சர் நின்றுகொண்டே இருந்தார். மைதானத்தில் யாரோ கோல் போட்டுக் கூச்சல் எழுந்து அடங்கியது.

"தனியாத்தான் சாப்பிடறேன்னு எழுதினீங்களே," என்றாள் கடைசியில், தலை நிமிராமல். "அதுவும் சும்மாவா?"

"அது நிஜம்."

"டப்பா எங்க?"

டீச்சர் தன் கைகளைப் பார்த்தார். தீவை வரைகிற பதற்றத்தில் டப்பா ஆசிரியர் அறையிலேயே தங்கிவிட்டது. "மறந்துட்டேன்" என்றார், வீட்டுப்பாடம் கொண்டுவராதவர் மாதிரி.

பெண் தன் டப்பாவைத் திறந்தாள். கரண்டியால் சோற்றின் நடுவே ஒரு கோடு போட்டாள். ஒரு பாதியை மூடியில் எடுத்து வைத்து, துடைத்து வைத்திருந்த இடத்தின் பக்கம் நகர்த்தினாள். டீச்சர் அங்கே உட்கார்ந்து குனிந்தபோது, கழுத்தில் தொங்கிய பள்ளி அடையாள அட்டை மூடிக்குள் விழப் பார்த்தது. அவர் அதைத் தலைவழியாகக் கழற்றி, ஜன்னல் விளிம்பில் எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்தார்.